உள்ளங்கையில் மூடிய செவி

நீங்கள் கண்களை மூடிக்கொண்டு கடவுளோடு பேசும் வேளையில், உங்கள் அருகே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று என்றாவது கண்ணைத் திறந்து பார்த்ததுண்டா? ஹெப்சிபா பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள்முதல் மாலைக் குடும்ப ஜெபத்தில் அவள் கண் திறந்ததே இல்லை. மாமியார் இறந்த பிறகு ஜெபத்தை நடத்தும் பொறுப்பு அவளிடம் வந்தது. பொறுப்பு வந்த பிறகோ அவள் இமைகள் இன்னும் இறுகின. அந்தச் சனிக்கிழமை மாலை அவள் கண்ணைத் திறக்க வைத்தது பக்திக் குறைவு அன்று. ஓர் இஸ்திரிப் பெட்டி. மறுநாள் ஆராதனைக்காக நால்வருடைய வெள்ளை உடுப்புகளையும் தேய்த்து அடுக்கிவிட்டுத்தான் அவள் பாயில் வந்து உட்கார்ந்தாள். கீர்த்தனை பாடியாயிற்று. வேதபாடம் வாசித்தாயிற்று. நன்றி சொல்லும் பகுதியும் முடிந்து, வழக்கம்போல் வீட்டாருக்காக மன்றாடும் பகுதிக்கு வந்து, "ஆண்டவரே, இந்த வீட்டிலே, வயது சென்ற காலத்திலும் பிடிவாதத்தை விட்டுவிடுகிற மனதை..." என்று அவள் குரல் மெல்ல ஏறியபோது, எங்கிருந்தோ அந்தச் சந்தேகம் வந்து நெஞ்சில் மாட்டிக்கொண்டது: பெட்டியை அணைத்தேனா? மேசைமேல் மாமாவின் வெள்ளைச் சட்டை அல்லவா இருக்கிறது? கரிந்த வாடை வருகிறதோ? வாய் ஜெபித்துக்கொண்டிருக்க, மூக்கு மோந்துகொண்டிருக்க, இரண்டுக்கும் நடுவே இடது கண் மட்டும் ஒரு நூலளவு திறந்து, சுவரோரம் போய், சுவிட்சின் சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு ஆறுதல் அடைந்து, திரும்பி வந்தது. திரும்பி வரும் வழியில் அது மாமாவின் கையைப் பார்த்தது.

மாமனார் ஞானாபரணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியால் அவருக்கு மட்டும் நாற்காலி. அவருடைய வலக்கை மடிமேல் மூடிக் கிடந்தது. விரல்களின் இடுக்கில் தோல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. காது மிஷின். காதில் இருக்க வேண்டியது கையில் இருந்தது. அவர் கண் திறந்திருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவன் எபனேசரும் கண்ணை மூடவில்லை. அன்று காலைவரை அவன் தாயின் படம் மாட்டியிருந்த ஆணியையும், அதன் கீழே சுண்ணாம்பு மங்காமல் வெளேரென்று நின்ற நீள்சதுரத்தையும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் கெசியா, கல்லூரியில் சேர்ந்து ஒரு பருவம் முடித்தவள், தாத்தாவின் நாற்காலியை ஒட்டிப் பாயில் உட்கார்ந்து, ஒற்றை விரலை அவர் முழங்காலுக்குச் சற்று மேலே நீட்டி வைத்திருந்தாள், தொடாமல், தொடத் தயாராக. அவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் கண்ணும் மகளின் கண்ணும் சந்தித்தன. கெசியாவின் விரல் அப்படியே நின்றது. ஹெப்சிபா சட்டென்று இமையை மூடிக்கொண்டாள், குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவளைப் போல. மனதை என்பதுவரை வந்த வாக்கியம் நடுவழியில் நின்றது. தாரும் என்ற ஒரு சொல்தான் பாக்கி. அந்த ஒரு சொல் வரவில்லை.

பேட்டரி தீர்ந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். போன மாதமும் ஒருநாள் தீர்ந்துபோய், "ஏம்மா ஹெப்சி, ஊரே ஊமையாப் போச்சு" என்று எழுந்து வந்தாரே. ஆனால் பேட்டரி தீர்ந்தால் அவர் அதைச் சட்டைப்பையில் போடுவார். கைக்குள் பொத்தி வைக்க மாட்டார். காது வலிக்கிறதோ? வலித்தால் சற்று முன் கீர்த்தனைக்குத் தாளம் தப்பாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது யார்? வேதபாடம் வாசித்த கெசியா ஓரிடத்தில் தடுக்கியபோது திருத்தியது யார்? அப்படியானால் பாட்டுக்குக் காதில் இருந்தது, பாடத்துக்குக் காதில் இருந்தது. நான் வாயைத் திறந்த பிறகுதான் கைக்குப் போயிருக்கிறது. இந்த எண்ணம் வந்ததும் அவள் அதைப் பிடித்து அப்பால் தள்ளினாள். அது மற்றொரு பக்கமாகச் சுற்றிவந்து நின்றது: கழற்றினால் ஜெபம் முடிவது அவருக்கு எப்படித் தெரியும்? நாள்தோறும் கடைசி ஆமெனைச் சரியான இடத்தில் சொல்கிறாரே. அந்த விரல். கெசியாவின் விரல். தொட்டால் ஆமென். ஆக, இது இன்றைக்கு மட்டும் நடந்தது அல்ல, இது ஏற்பாடு. இவர்கள் மூவருக்கும் தெரிந்த ஏற்பாடு. நான் கண்ணை மூடுகிறேன், இவர்கள் கண்ணைத் திறக்கிறார்கள். கடவுளே, எத்தனை மாதமாக? மின்விசிறி சுற்றுவது திடீரென்று பெரிய சத்தமாகக் கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ அம்மிக்கல்லை நகர்த்துவதுபோல் ஒரு கரகரப்பு. இல்லை, அது தன் மூச்சு.

அந்த மிஷினை வாங்கச் சொன்னவளே அவள்தான். வேண்டாம் வேண்டாம் என்றவரை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப்போனவள் அவள். கடைப்பெண் கருவியைக் காதில் பொருத்தியதும் ஹெப்சிபா குனிந்து, "மாமா, கேக்குதா?" என்றாள். அவர் அவளையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "எம்மா, உன் சத்தம் இவ்வளவு மெதுவாவா இருக்கும்? இத்தன வருசமா உதட்டத்தான பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் காக்கையையும் சைக்கிள் மணியையும் குழந்தையைப்போல் எண்ணிக்கொண்டே வந்தார். அன்று மாலை ஜெபத்தில் அவள் என்ன சொன்னாள்? நினைவு மறுத்தது. அவள் விடவில்லை. சொன்னாள், சொல்லத்தான் செய்தாள். தொலைக்காட்சிச் சத்தத்தால் அவளுக்குத் தலை பிளந்துகொண்டிருந்த காலம் அது. "ஆண்டவரே, முதிர்ந்த பிராயத்தில் பிறருடைய அமைதியைக் குலைக்காத கிருபையை இந்த வீட்டாருக்குத் தாரும்." அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அதே ஜெபத்தைச் செய்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் செவிடர். உதடசைவை மட்டும் பார்த்து, இந்தப் பிள்ளை நமக்காக எவ்வளவு உருகுகிறாள் என்று நினைத்துத்தான், ஓடு அதிர ஆமென் போட்டிருப்பார். அன்றைக்குத்தான் அவர் அதை முதன்முதலாகக் கேட்டார். காக்கையைக் கேட்ட அதே நாளில்.

மறுநாள் தொலைக்காட்சி ஊமைப்படம்போல் ஓடியது. ஹெப்சிபா வியந்துபோனாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து சாட்சி சொன்னாள்: பல வருட மன்றாட்டுக்கு ஒரே நாளில் பதில் வந்தது, சகோதரிகளே, காத்திருங்கள், அவர் கேட்கிறார். எல்லோரும் தோத்திரம் சொன்னார்கள். போதகரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பதில்கள் மழையாய்ப் பெய்தன. மாமா குளித்த ஈரத்துண்டை நாற்காலியில் போடும் வழக்கத்துக்காக, "பிறருடைய உழைப்பை எண்ணிப் பார்க்கிற இருதயம்" கேட்டாள். துண்டு மறுநாளே கொடிக்குப் போயிற்று. கொல்லைக் குழாயைச் சரிசெய்யாமல் இழுத்தடித்த கணவனுக்காக, "சொன்ன சொல்லைக் காக்கிற புருஷலட்சணம்" கேட்டாள். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிளம்பரைக் கூட்டிவந்தான். கெசியாவின் கைப்பேசிக்காக, நீண்ட உறக்கத்துக்காக, சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைப்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் பதில். அத்தனைக்கும் சாட்சி சொன்னாளே, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு. கேட்டது யார்? நான் மேலே அனுப்பினேன் என்று நினைத்தவை இந்தக் கூடத்தின் உத்தரத்தைக்கூடத் தாண்டவில்லையே. பக்கத்தில் இருந்தவர்களின் காதில் விழுந்து, அவர்கள் எழுந்துபோய் அவற்றை நிறைவேற்றிவிட்டு, வாய் பேசாமல் வந்து மறுபடி பாயில் உட்கார்ந்தார்கள். அதைப்போய் நான்... அந்த இடத்தில் எண்ணம் முறிந்து, மீண்டும் தொலைக்காட்சியிலிருந்து தொடங்கியது.

ஆனால் நான் ஒருவரையும் ஒரு சொல் சொன்னதில்லையே. இதுதான் அவள் தன்னைப்பற்றி வைத்திருந்த பெருமை. அவள் தாய் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தட்டு பறக்கும், சாபம் பறக்கும், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் இப்படி ஆகமாட்டேன் என்று பாவாடை வயதிலேயே உறுதி செய்தவள் ஹெப்சிபா. வீட்டில் எது உறுத்தினாலும் வாயை மூடிக்கொள்வேன், மாலைவரை பொறுப்பேன், ஆண்டவரிடம் சொல்வேன். விசுவாசி செய்ய வேண்டியது அதுதானே? எல்லாப் பிரசங்கத்திலும் அதைத்தானே சொல்கிறார்கள்? சொன்னேனே. உரக்கச் சொன்னேன். அவர்களை உட்காரவைத்து, எழுந்திருக்க முடியாதபடி கண்ணை மூடச் செய்து, பதில் பேச முடியாத இடத்தில் வைத்துச் சொன்னேன். அம்மா கத்தினால் அப்பாவுக்குத் திரும்பக் கத்தவாவது வழி இருந்தது. தெருவில் இறங்கி நடக்கவாவது வழி இருந்தது. ஜெபத்துக்கு எதிராக யார் என்ன பேச முடியும்? ஆமென்தான் போட முடியும். போன மாதக் கூட்டத்தில் அவளே ஒரு கதை சொல்லியிருந்தாள். வேறு எதற்கோ சொன்ன கதை. ஒரு தோட்டக்காரன் நாள்தோறும் அரசனுக்குப் பூக்கூடை அனுப்பினான். சுமந்து போவது அவனுடைய தம்பி. தம்பிமேல் அவனுக்கு மனத்தாங்கல். வாய்விட்டுச் சொல்லமாட்டான், அடக்கமானவன். கூடையின் அடியில் முள்ளைப் பரப்பி அதன்மேல் பூவை அடுக்குவான். தம்பி தலையில் சுமந்து போவான். ஒருநாள் அரசன் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பூவைத் தொடவே இல்லை, "உன் நெற்றியில் ஏன் இரத்தம்?" என்று கேட்டான். அந்தக் கதைக்குக் கைதட்டினார்கள். அவளும் புன்னகையோடு உட்கார்ந்தாள். அரசன் அதற்குப்பின் தோட்டக்காரனிடம் என்ன சொன்னான் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இப்போது, மூடிய இமைக்குள் இருட்டில், கூடை கீழே இருந்தது. அரசன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை ஞானாபரணம் காப்பி டம்ளரைக் கழுவி, தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, "ஹெப்சி, நாளைக்குச் சாயங்கால வண்டியில கோயம்புத்தூர் போறேம்மா. ரோஸ்லின் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்றார். ரோஸ்லின் அவர் மகள். "எத்தன நாளைக்கு மாமா?" என்று கேட்டாள். "பாப்போம்" என்றார். பிறகு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, நடுங்கும் முழங்காலோடு ஏறி, மனைவியின் படத்தைக் கழற்றித் துடைத்து, வேட்டிக்குள் சுற்றிப் பையில் வைத்தார். நாலு நாள் போகிறவர் படத்தை எடுத்துப்போவாரா? ஹெப்சிபாவுக்கு நெஞ்சு எரிந்தது. மருந்து வேளை தவறாமல் கொடுத்தது யார், கால் வீங்கினால் உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தது யார், நான் என்ன குறை வைத்தேன், ஊர் என்ன பேசும்? வழக்கம்போல் மாலைவரை பொறுத்தாள். அதைத்தான் சற்று முன் தொடங்கியிருந்தாள்: வயது சென்ற காலத்திலும் பிடிவாதத்தை விட்டுவிடுகிற மனதை. இதை முடித்திருந்தால்? அவருக்குக் கேட்டிருக்காது. கெசியாவின் விரல் தொட்டிருக்கும். ஆமென். நாளைக்கு வண்டி. நான் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவரே விட்டுவிட்டுப் போனார் என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். போகிறவரைத் தடுக்க எனக்கு இருந்தது இந்த ஒரு வேளை. அதையும் கூடையில் போட்டு அவர் தலைமேலேயே வைக்க இருந்தேன்.

மௌனம் நீண்டது. அவள் ஜெபத்தில் இவ்வளவு நீண்ட மௌனம் இதுவரை இருந்ததில்லை. ஆகவே கெசியா குழம்பி, முடிந்துவிட்டதென்று எண்ணி, விரலை வைத்துவிட்டாள். ஞானாபரணம் பழகிய கையால் மிஷினைக் காதில் செருகிக்கொண்டு, வீடு அதிர, "ஆமென்!" என்றார்.

"தாத்தா, இன்னும் முடியல" என்று கெசியா கிசுகிசுத்தாள்.

"முடியலையா? நீதானட்டி தொட்ட?" என்றார் அவர், அவருக்குத் தெரிந்த கிசுகிசுப்பில், அது வாசல்வரை கேட்கும். எபனேசர் தொண்டையைச் செருமினான். அதில் பாதி சிரிப்பு, பாதி பயம். ஹெப்சிபா கண்ணைத் திறந்தாள். இம்முறை இரண்டு கண்களையும். மூவரும் திருடும்போது அகப்பட்டவர்கள்போல் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் எதற்காகத் திருடர்களைப்போல் முழிக்க வேண்டும்? இந்த வீட்டில் என்னைப் பார்த்து ஒரு கிழவர் பயப்படுகிறார். என் குரல் மெதுவான குரல் என்று அழுத கிழவர். அவள் பாயைவிட்டு எழாமல் முழங்காலால் நகர்ந்து அவர் நாற்காலி அருகே வந்தாள். கூடையைத் திறந்து காட்டுவதுபோல் இரண்டு கைகளையும் விரித்தாள். சொல்வதற்கு வேதத்தின் நடையில் ஒன்றும் அகப்படவில்லை.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது."

"எத்தன நாளா இதக் கழட்டி வைக்கீய?"

எபனேசர், "விடு ஹெப்சி, அப்பாவுக்கு ஜெபத்துல சத்தம் கொஞ்சம்..." என்று தொடங்கினான்.

"அத்தான், நீங்க எனக்காகப் பொய் சொல்லாதீய. ஆணியத்தான பாத்துக்கிட்டிருந்தீய." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, நான் ஆண்டவர்ட்ட சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நேரா சொல்ல தைரியமில்லாம அவர இடையில நிறுத்திச் சொன்னேன். இப்ப நேரா ஒண்ணு சொல்லுதேன். நாளைக்குப் போவாதீய. இதுக்கும் ஜெபம் பண்ண மாட்டேன். உங்ககிட்டத்தான் கேக்கேன்."

ஞானாபரணம், "நான் ஒரு ஜெபம் பண்ணட்டுமா? உங்கத்த போனதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னைய ஒருத்தரும் கேக்கல" என்றார். அவள் தலையசைத்தாள், கண்ணை மூடவில்லை. அவரும் மூடவில்லை. கூரையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினார்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளை காலையிலிருந்து நிக்கா. நாலு பேரு துணியும் தேச்சா. மத்தியானம் சாப்பிட்டாளான்னு தெரியல, நான் பாக்கல, அது என் தப்பு. இவ காலுக்குக் கொஞ்சம் சொகம் தாரும். ஆமென்." அவ்வளவுதான். அதில் அவளைத் திருத்த ஒரு சொல்லும் இல்லை. அவள் துடித்துப்போனாள்; வாழ்நாளில் யாரும் அவள் காதுபட அவளுக்காக இப்படிக் கேட்டதில்லை. அவளும் யாருக்காகவும் இப்படிக் கேட்டதில்லை. மத்தியானம் அவள் உண்மையிலேயே சாப்பிட்டிருக்கவில்லை.

"டிக்கெட்டு எடுத்தாச்சே" என்றார் கிழவர், யாரிடம் என்றில்லாமல்.

"அதக் கேன்சல் பண்ண ஒரு நிமிசம் ஆவாது தாத்தா" என்று கெசியா கைப்பேசியை எடுத்தாள். எடுத்தவள் பழக்கத்தால் தாயை அச்சத்தோடு பார்த்தாள். ஜெப நேரத்தில் கைப்பேசி. ஹெப்சிபா சிரித்துவிட்டாள், அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. ஞானாபரணம் வெறும் ஆணியைப் பார்த்தார். "எபனேசரு, அந்தப் பைய இங்க எடுத்துட்டு வா. உங்கம்மா வேட்டிக்குள்ள மூச்சுமுட்டிக் கெடப்பா" என்றார்.

இதை வாசிக்கிறவர்களே, வீட்டில் மனம் எரியும்போது கடவுளிடம் போகிறீர்கள், நல்லது, போங்கள். ஆனால் தனியாகப் போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உங்களைப்பற்றிச் சொல்லுங்கள். மற்றவரைப்பற்றிய குறையை அவரிடமே, அவர் பதில் சொல்ல இடம்விட்டு, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அவர் காதுபடக் கடவுளிடம் பேசினால், அவருடைய கால்வலிக்காக மட்டும் பேசுங்கள். இன்று மாலையே செய்யுங்கள். பாயை விரித்ததும் ஒரே ஒருமுறை கண்ணைத் திறந்து, உங்கள் குரல் கேட்கும்போது யாருடைய கை எதைப் பொத்துகிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் பை கட்டி முடித்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எழுந்திருங்கள், போய்ச் சுவரைப் பாருங்கள்.